நடையும் தூண்டிலும்: மல்கிரேவ் சந்திப்பில் ஒரு உரை

(மல்கிரேவில் நடந்த எமது ஞாயிறு சந்திப்பில் தோழி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுவழக்கைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம். அவருடைய விருப்பப்படி பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



நாங்கள் கூடியிருக்கிற இந்த நிலம் வுருஞ்சரி, புனுரோங் மக்களுடையது. அவர்கள் இதை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுகிறோம். இண்டைக்கு நான் அப்படிப் போக மாட்டன். உரையின் கடைசியில் இதுக்குத் திரும்பி வருவன்.

போன மாதம் ஏற்பாட்டுக் குழுவில் ஒரு தோழர், "அக்கா, நீங்கள் மலை ஏறுறது, மீன் பிடிக்கிறது பற்றிக் கொஞ்சம் கதையுங்கோவன்" எண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. காணாமலாக்கப்பட்டோர், பலஸ்தீனம், வீட்டு வாடகை எண்டு கதைக்கிற இடத்தில தூண்டிலைப் பற்றி என்ன கதைக்கிறது? பிறகு யோசித்துப் பார்த்தேன். நிலத்தில் நடப்பது, கடலில் மீன் பிடிப்பது, இந்த இரண்டையும் எங்களிடமிருந்து பறித்ததைப் பற்றித்தானே முப்பது வருசமாகக் கதைக்கிறோம். அப்படியானால் இங்கே நாங்கள் ஏன் நடக்கிறதில்லை, ஏன் கடற்கரைக்குப் போறதில்லை எண்டும் கதைக்கலாம்தானே.

எனக்கு 44 வயது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் வேலை. ஒரு கிழமை காலை ஷிஃப்ட், மறு கிழமை பின்னேர ஷிஃப்ட். ஆட்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, மணி அடிக்கிற அறைக்கெல்லாம் ஓடி முடிய, ஃபோனைப் பார்த்தால் 14,000 காலடி எண்டு காட்டும். கூட வேலை செய்கிற ஒரு அவுஸ்திரேலியப் பெண் முதன்முதல், "ஃபேர்ன்ட்ரீ கலியில 1000 ஸ்டெப்ஸ் ஏறப் போறம், வாறியா?" எண்டு கேட்டபோது, "மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருவாய்?" எண்டுதான் நான் திருப்பிக் கேட்டன்.

அம்மாவுக்கு இதை ஃபோனில் சொன்னேன். அவ சொன்னா, "சும்மா நடக்கிறதுக்கோ? நாங்கள் நடந்தது காணாதோ பிள்ளை?"

அம்மாவுக்கு நடை எண்டால் இரண்டு நடை. ஒன்று, 1990 ஜூனில் மயிலிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. எனக்கு அப்போது 9 வயது. மற்றது, 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள்ளே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி இலட்சக்கணக்கான சனத்தோடு சனமாக நகர்ந்தது. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அப்பா உருட்டினார். நான் ஒரு தலையணை உறையில் அரிசி தூக்கினேன். அந்த நடையைத் தெரிந்த ஒருவரிடம், காசு குடுத்துச் சப்பாத்து வாங்கி, ஏறின மலையிலிருந்து திரும்பி இறங்குகிறதுக்காகவே ஏறுகிறதை எப்படி விளங்கப்படுத்துறது?

ஆனால் நான் போனேன். டெனிம் காற்சட்டை, தட்டையான செருப்பு, கையில தண்ணிப் போத்தலும் இல்லை. பாதிப் படியில் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. ஒரு மரக்குத்தியில் இருந்தேன். சுற்றிவர மரப் பன்னங்கள், அதுக்கு மேலே உயர்ந்த மரங்கள். அப்போதுதான் ஒரு விசயம் பிடிபட்டது. ஒருத்தரும் துரத்தாமல், ஒரு மூட்டையும் தூக்காமல், பின்னேரம் வீட்டுக்குத் திரும்பலாம் எண்ட நிச்சயத்தோட இவ்வளவு தூரம் நடந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அண்டைக்கு நான் உச்சிக்குப் போகவில்லை. அடுத்த மாதம் போனேன்.

இனித் தூண்டில் கதை.

என் அப்பா மயிலிட்டிக் கடலில் தொழில் செய்தவர். வள்ளத்தில் என்னை ஏற்றினதே இல்லை. பொம்பிளைப் பிள்ளை வள்ளத்தில் ஏறினால் மீன் படாது எண்டு சொல்வார்கள். கடல் எங்களுக்குச் சோறு போட்டது, ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கடலில் இடமில்லை. கருவாடு காயப்போடலாம், வலை பொத்தலாம், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது எண்டு சொல்ல நான் வரவில்லை. எந்த ஒழுங்கையால் யார் போகலாம், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் எண்டு எங்கட ஊரும் ஒரு பட்டியல் வைத்திருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் தோழர்கள் போன ஊர்வலம் அந்தப் பட்டியலுக்கு எதிராகத்தான். பொலிஸ் அடித்த பிறகும் நடந்தார்கள். எங்கட நடை வரலாற்றில் அதையும் சேர்க்கவேணும்.

1990க்குப் பிறகு மயிலிட்டி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அப்பா வேறு ஊர்க் கடலில் மற்றவர்களுடைய வள்ளத்தில் கூலிக்குப் போனார். 2014இல் முகாமிலேயே செத்தார். மயிலிட்டித் துறை விடுபட்டது 2017 ஜூலையில். 27 வருசம். அப்பா அதுக்கு மூன்று வருசம் முந்திவிட்டார்.

2018இல் நான் போய் அந்தக் கரையில் நின்றேன். அலை கால் வரைக்கும் வந்தது. ஒரு தூண்டில்கூடப் போடத் தெரியாத, கடல் தொழிலாளியின் மகள் நான். திரும்பி வந்து முதல் வேலையாக ஒரு தூண்டில் வாங்கினேன்.

பழக்கினது யார் எண்டு சொல்லவேணும். எங்கட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தம்பி இருக்கிறான். பெயர் சொல்லமாட்டேன். 2012 கடைசியில் படகில் வந்தவன். அவனுடைய குடும்பம் இரணைதீவு. 1992இல் அவர்கள் தீவை விட்டு வெளியேறியபோது அவன் கைக்குழந்தை. தன் ஊரை அவன் கண்டதே இல்லை. ஆனால் கடல் கை வழியாக வந்திருக்கிறது. தங்கூசியில் அவன் முடிச்சுப் போடுகிறதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற மாதிரி இருக்கும்.

மோர்டியாலொக் ஜெட்டிக்கு இங்கயிருந்து காரில் அரை மணித்தியாலம். முதல் இரண்டு தடவையும் அவன் ஜெட்டியில் ஏறவில்லை. மணலில் நின்றுகொண்டே எனக்குச் சொல்லித் தந்தான். "அக்கா, ஈயக்குண்டு கூடிப்போச்சு." "அக்கா, இழுக்காதேங்கோ, அது கடிச்சுப் பார்க்குது." ஏன் வாறியில்லை எண்டு நான் கேட்கவில்லை. படகில் எத்தனை நாள் இருந்தான் எண்டு எனக்குத் தெரியும். மூன்றாம் தடவை தானாக ஏறி வந்து பக்கத்தில் நின்றான். கணவாய் பிடித்தோம். கிங் ஜோர்ஜ் வைட்டிங் ஒன்றைத் தூக்கினபோது அவன்தான் முதல் சொன்னான், "அக்கா, இது எங்கட கிழங்கான்ர சொந்தக்காரன்!" பிறகு தேடிப் பார்த்தேன். சரிதான், ஒரே குடும்பம்.

ஒரு நாள் பின்னேரம் மீன்பிடி அதிகாரி ஒருவர் வந்தார். சீருடை, இடுப்பில் பட்டி, பூட்ஸ். விக்டோரியாவில் 18இலிருந்து 69 வயது வரைக்கும் உள்ளவர்கள் பொதுவாக லைசன்ஸ் எடுக்கவேணும். இரண்டு பேருக்கும் நானே ஃபோனில் எடுத்து வைத்திருந்தேன். அதனால் எனக்குப் பயமில்லை. திரும்பிப் பார்த்தால், தம்பி தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கடதாசியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுடைய பிரிஜிங் விசாக் கடிதம். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த மனுசன் குழம்பிப்போய், "அது வேண்டாம் மேட், நான் மீனைத்தான் பார்க்க வந்தனான்" எண்டார். வாளியில் ஒரு சின்ன ஸ்நாப்பர் இருந்தது. 28 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் விடவேணும். எங்கடது 27. மரியாதையாகச் சொன்னார், திருப்பி விட்டோம். அவர் போன பிறகும் தம்பியின் கை நடுக்கம் நிற்கவில்லை.

அப்போது அவன் சொன்னதைக் கேளுங்கோ. "அக்கா, ஊரில கடலுக்குப் போக நேவியிட்ட பாஸ் காட்டவேணும். இஞ்ச மீனைக் காட்டினால் காணுமோ?"

தோழர்களே, நான் இவ்வளவு கதைக்கிறதும் அந்தக் கேள்விக்காகத்தான்.

2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாக்கள் வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது. விரைவு நடைமுறை எண்ட பெயரில் அவசரமாக விசாரிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்ட இவனைப் போன்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது. 2018 ஏப்ரல் 23 அன்று, ஒரு வருசத்துக்குக் கிட்டக் கரையில் இருந்து போராடிய இரணைதீவுச் சனம், வெள்ளைக் கொடிகளோடு வள்ளங்களில் ஏறித் தங்கட தீவுக்குத் தாங்களே போய் இறங்கினது. ஒருத்தருடைய கடிதத்துக்கும் காத்திருக்கவில்லை. பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். அதில் ஒரு வள்ளத்தில் இவனுடைய அம்மா. இவன் டண்டினோங்கில் ஒரு களஞ்சிய அறையில், தேத்தண்ணி இடைவேளையில், ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் எண்டவுடன் இன்னும் இரண்டு நாள் ஞாபகம் வருகுது.

1932 ஏப்ரல் 24. இங்கிலாந்தில் கிண்டர் ஸ்கவுட் எண்ட மலை. மன்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குக் கிட்ட இருந்த மலை அதுதான். ஆனால் நிலப் பிரபுக்கள் வேட்டைப் பறவைகளுக்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். பெனி றொத்மன் எண்ட 20 வயது இளம் கம்யூனிஸ்ட் தோழர் முன்னுக்குப் போக, சில நூறு தொழிலாளர்கள் காவலாளிகளைத் தாண்டி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. குற்றம் என்ன? நடந்தது. 1949இல் அந்த நாட்டில் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அந்த மலை நிற்கிற பீக் டிஸ்ட்ரிக்ட். புஷ் வோக்கிங் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு எண்டு சொல்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறது. அது கொஞ்சப் பேர் மறியலுக்குப் போய் எடுத்த உரிமை.

மற்றது எங்கட நகரத்திலேயே. 1856 ஏப்ரல் 21 அன்று மெல்பேர்ண் பல்கலைக்கழகக் கட்டடத்தில் வேலை செய்த கற்தச்சர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுப் பாராளுமன்றக் கட்டடம் நோக்கி நடந்தார்கள். எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியாலம் ஓய்வு. டிரேட்ஸ் ஹோலுக்கு முன்னால் மூன்று எட்டு போட்ட தூண் இப்பவும் நிற்குது. அந்த வெற்றி அப்போது எல்லாருக்கும் கிடைக்கவில்லை, பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் பிறகும் கன காலம் எடுத்தது. ஆனாலும் நடுவில் இருக்கிற அந்த எட்டைக் கவனியுங்கோ. அந்தக் கற்தச்சர்கள் நித்திரைக்கு மட்டும் நேரம் கேட்கவில்லை. ஆற்றங்கரைக்குப் போக, புத்தகம் வாசிக்க, சும்மா இருக்கவும் நேரம் கேட்டார்கள்.

இண்டைக்கு இந்த மண்டபத்தில் இருக்கிற எத்தனை பேரிடம் அந்த நடு எட்டு இருக்குது? இரண்டு வேலை செய்கிறவர்கள் கையை உயர்த்தச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் உயர்த்துவீர்கள். ரோஸ்டர் வியாழன் இரவுதான் ஃபோனுக்கு வரும். கஷுவல் வேலைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனால், அழைப்பு வரேக்க சிக்னல் இருக்காது, அந்த ஷிஃப்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கட சனம் காட்டுக்குப் போறதில்லை எண்டு சொல்லுறதுக்கு முன்னம் இதைக் கணக்கில எடுக்கவேணும்.

இனி நான் தொடக்கத்தில் சொன்னதுக்கு வாறன்.

மல்கிரேவில் இருக்கிற எல்லாரும் பொலிஸ் றோட்டால் போயிருப்பீர்கள். அந்தத் தெருவால் கிழக்கே போய் ஸ்டட் றோட்டைத் தாண்டினால், டண்டினோங் ஓடைக்கு அங்கால், பொலிஸ் படொக்ஸ் எண்ட பெரிய திறந்த வெளி இருக்குது. சனம் நாயோடு நடக்கும், பிள்ளைகள் பந்து விளையாடும். நானும் கன நாள் நடந்திருக்கிறேன். ஒரு நாள்தான் அங்கே இருந்த பலகையை நின்று வாசித்தேன்.

சுதேசப் பொலிஸ் படையின் தளம் அது. 1842இல் ஹென்றி டானா எண்ட வெள்ளை அதிகாரியின் கீழ் திரும்ப அமைக்கப்பட்டு ஏறத்தாழ 10 வருசம் இயங்கினது. பூர்வகுடி இளைஞர்களுக்குக் குதிரையும் துவக்கும் சீருடையும் குடுத்து, வேறு இடத்துப் பூர்வகுடிச் சனத்துக்கு எதிராக அனுப்பினார்கள். மேற்கே நிலத்தைக் காக்கப் போராடிய குண்டிஜ்மாரா மக்கள் மேலும் இந்தப் படைதான் ஏவப்பட்டது. வுருஞ்சரி மக்களின் தலைவர் பில்லிபெல்லரி முதலில் இதில் சேர்ந்தார். தன் ஆட்களைக் கொண்டே மற்றச் சனத்தைப் பிடிக்கவும் கொல்லவும் போகிறார்கள் எண்டு தெரிந்ததும் விலகினார். அதுக்குப் பிறகு மற்றவர்களும் படையை விட்டுப் போகத் தன்னால் இயன்றதைச் செய்தார்.

எனக்கு அந்தப் பலகைக்கு முன்னால் கால் ஓடவில்லை. எங்கட சனத்துக்கு இது புதுக் கதையா? எங்கட பிள்ளைகளின் கையில் துவக்கைக் குடுத்து, முகமூடி போட்டுத் தலையாட்ட வைத்து, எங்களையே பிடிக்க அனுப்பினதை நாங்கள் எல்லாப் பக்கத்திலும் கண்டனாங்கள். பில்லிபெல்லரி எண்ட பெயர் மல்கிரேவில் எத்தனை தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும்? எனக்கே தெரியாமல்தான் அந்தப் புல்லில் இருந்து வடை சாப்பிட்டனான்.

போன வருசம் மூன்று பேராக வாடகைக் காரில் பட்ஜ் பிம்முக்குப் போனோம். மெல்பேர்ணிலிருந்து மேற்கே நாலு மணித்தியாலம், ஹேவுட் பக்கம். அந்தப் படையைத் தாண்டி உயிர் தப்பிய குண்டிஜ்மாரா மக்களுடைய நாடு அது. எரிமலைக் கல்லைக் கொண்டு வாய்க்கால் கட்டி, விலாங்கை மறித்து, வளர்த்துப் பிடித்திருக்கிறார்கள். குறைந்தது 6,600 வருசப் பழமை. 2019இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றுக்கொண்டது. தம்பி வாய்க்காலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். தண்ணி எங்கால வருகுது, மீன் எங்கால திரும்பும், எந்த இடத்தில் கூடை வைக்கவேணும் எண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. "எங்கட களங்கட்டி மாதிரித்தான் அக்கா. வத்து வெள்ளம் பார்த்துச் செய்த வேலை" எண்டான். 13 வருசத்தில் இந்த நாட்டில் ஒரு இடத்தைப் பார்த்து அவன் "எங்கட மாதிரி" எண்டு சொன்னது அண்டைக்குத்தான் கேட்டேன்.

ஆகவே என்ன செய்யலாம்? மூன்று விசயம் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, சேர்ந்து போவோம். மாதத்தில் ஒரு ஞாயிறு. கார் உள்ளவர்கள் இல்லாதவர்களை ஏற்றவேணும். பெண்கள் வரவேணும், சமைத்துக் கட்டிக்கொண்டு வாறதுக்கில்லை, நடக்கிறதுக்கு. சாப்பாடு இந்த முறை அண்ணைமாரின் பொறுப்பு. விசா இல்லாதவர், விசாவுக்குக் காத்திருக்கிறவர் யார் வந்தாலும் தனியாக நிற்க விடக்கூடாது. அவர்களுக்கு நிரந்தர விசா கேட்கிற போராட்டத்தில் நிற்கிறதும் இதுவும் எனக்கு ஒரே வேலைதான்.

இரண்டாவது, கவனம். கடல் எங்களுக்குத் தெரியும் எண்ட எண்ணத்தை விடுங்கோ, இது வேறு கடல். பாறையில் நின்று மீன் பிடிக்கப் போனால் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதேங்கோ, முதலில் கொஞ்ச நேரம் நின்று அலையைப் பாருங்கோ. நடைக்குத் தண்ணி, தொப்பி, நல்ல சப்பாத்து, பாம்புக் கடிக்குச் சுற்றுகிற அகலமான பண்டேஜ். எங்கே போறீங்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீங்கள் எண்டு வீட்டில் ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ. ஃபோனில் எமர்ஜென்சி பிளஸ் செயலியைப் போட்டு வையுங்கோ, 000க்கு எடுக்கும்போது நீங்கள் நிற்கிற இடத்தை அது காட்டும். காட்டுத்தீ எச்சரிக்கை நாளில் வீட்டில் நிண்டு கரம் விளையாடுங்கோ.

மூன்றாவது, போகிற இடம் யாருடையது எண்டு அறிந்து போவோம். எங்கட ஊர்க் கடற்கரையில் படையினர் விடுதி கட்டி உல்லாசப் பயணிகளை இருத்தினபோது எங்களுக்கு எப்படி எரிஞ்சுது? அங்கே வந்து படம் எடுத்த சனத்துக்கும் அது வெறும் அழகான கடற்கரைதான். நாங்கள் இங்கே அந்தச் சனமாக இருக்கக்கூடாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, காலை 9 மணி, ஜெல்ஸ் பார்க் கார் தரிப்பிடம். அங்கயிருந்து ஓடைக்கரையால் தெற்கே பொலிஸ் படொக்ஸ் வரைக்கும் நடப்போம். களைத்தவர்களை இடையில் ஏற்ற இரண்டு கார் நிற்கும். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று பில்லிபெல்லரியின் கதையைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லப் போறது அந்தத் தம்பி. ஒத்துக்கொண்டிருக்கிறான். கடதாசியை வீட்டில வைச்சுப்போட்டு வா எண்டு சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் எண்டான்.